சாட்சி சொல்ல எழுந்தவர்கள்

பதினான்கு வயதிலிருந்து எங்கள் சபையில் டிரம்ஸ் வாசித்தேன். தூத்துக்குடிப் பக்கம், உப்பளத்துக்குப் போகிற சாலையில் ஓடு போட்ட சின்னச் சபை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு அளத்து வேலைக்குப் போகிற பெண்கள்தான் அதிகம் வருவார்கள். பாட்டு, ஜெபம், அதற்குப் பிறகு சாட்சி நேரம். ஒவ்வொருவராக எழுந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "இந்த நல்ல நேரத்துக்காக ஆண்டவரை ஸ்தோத்திரிக்கிறேன்" என்று தொடங்குவார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது, கடன்காரன் தவணை கொடுத்தான், மகளுக்கு வரன் அமைந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஓர் அக்கா எழுந்தார். தொடக்கம் எல்லாரையும் போலத்தான். பிறகு சொன்னார்: "மூணு வாரக் கூலி தரல. கேட்டதுக்கு கணக்கப்பிள்ள என் கையப் பிடிச்சு முறுக்குனாரு. ஆண்டவர்ட்ட சொன்னேன். ஸ்டேஷன்லயும் போயிச் சொன்னேன்." சபை அமைதியானது. அந்த அளத்து முதலாளிதான் சபைக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தவர். பாஸ்டர் என்னைப் பார்த்து விரலை உயர்த்தினார். கோரஸ் தொடங்கு என்று அர்த்தம். நான் குச்சியை எடுத்து அடித்தேன். எல்லாரும் கை தட்டிப் பாட ஆரம்பித்தார்கள். அந்த அக்காவின் உதடு இன்னும் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது. பிறகு உட்கார்ந்துவிட்டார்.

அன்று எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. தாளம் பிசகாமல் வந்ததா என்பதுதான் என் கவலை.

இந்தச் சொல்லைப் பற்றிப் பிற்பாடுதான் யோசித்தேன். சாட்சி. நீதிமன்றக் கூண்டில் ஏறி நின்று சொல்வதும் சாட்சி. சபையில் எழுந்து நின்று ஆண்டவர் செய்ததைச் சொல்வதும் சாட்சி. அந்த அக்கா இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். எங்கள் சபையால் ஒன்றைத்தான் தாங்க முடிந்தது. இரண்டையும் தாங்கக்கூடிய ஓர் இசை உலகத்தில் இருக்கிறது என்பதைக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி விடுதி அறையில் தெரிந்துகொண்டேன்.

2003. அறைத்தோழன் ஒருவன் எம்பி3 பாட்டுகள் பதிந்த சிடி ஒன்று வைத்திருந்தான். அதில் அமெரிக்க ராப் பாடகர் டூபாக் ஷகூரின் 'டியர் மாமா' இருந்தது. 1995இல் வந்த பாட்டு. என் ஆங்கிலத்துக்கு முதல் தடவை பாதிதான் பிடிபட்டது. காகிதத்தில் எழுதி எழுதிக் கேட்டேன். தாய்க்கு நன்றி சொல்கிற பாட்டு. ஆனால் அந்தத் தாய் போதைக்கு அடிமையாகியிருந்தாள் என்பதையும் மகன் அதே பாட்டில் சொல்லிவிடுகிறான். இல்லாமை, வீட்டை விட்டு வெளியேறியது, அரசு உதவிப் பணத்தில் அவள் சமைத்துப் போட்டது, எதையும் மறைக்கவில்லை. எனக்கு இந்த வடிவம் பழக்கமானதுதான். வெள்ளிக்கிழமை வடிவம். இப்படி இருந்தேன், இந்தப் பள்ளத்தில் கிடந்தேன், கைவிடப்படவில்லை.

விடுமுறைக்கு வந்தபோது அம்மா கேட்டுவிட்டார். "எல, அது உலகப் பாட்டுல்லா. சபையில வாசிக்கிற பிள்ள அதக் கேக்கலாமா?" பெந்தெகொஸ்தே வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லின் கனம் தெரியும். பாட்டு இரண்டு வகை. ஆண்டவருடைய பாட்டு, உலகப் பாட்டு. நடுவில் எதுவும் கிடையாது.

அம்மாவுக்குப் பதில் சொல்லத்தான் படிக்க ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன். படிக்கப் படிக்க அது ராப்பிலிருந்து பின்னோக்கி இழுத்துக்கொண்டே போய் 1739இல் நிறுத்தியது.

அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மேளம் அடித்தபடி நடந்து போனார்கள். கிளர்ச்சி நசுக்கப்பட்டது. மறு ஆண்டு வந்த சட்டம், அடிமைகள் மேளமும் கொம்பும் வைத்திருக்கக் கூடாது என்று தடை போட்டது. மேளம் ஆட்களைச் சேர்க்கும், சேதி சொல்லும் என்ற பயம். (பறையைப் பற்றி நினைக்காமல் எந்தத் தமிழனும் இந்த இடத்தைக் கடக்க முடியாது. ஆனால் அது வேறு மண்ணின் வேறு கதை. இதற்குள் குழைக்க எனக்கு மனமில்லை.)

மேளம் போன பிறகு அவர்களிடம் இருந்தவை கையும் காலும் தரையும். ஜார்ஜியா, தென் கரோலினாக் கடற்கரைத் தீவுகளில் 'ரிங் ஷவுட்' என்றொரு வழிபாடு வளர்ந்தது. ஒருவர் பாட்டை எடுத்துக் கொடுப்பார், பின்னால் நிற்பவர்கள் வாங்கிப் பாடுவார்கள், ஒருவர் துடைப்பக் கட்டையால் பலகைத் தரையில் தட்டுவார், மற்றவர்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் வட்டமாக நகர்வார்கள். காலைத் தூக்கக் கூடாது, ஒரு காலுக்குக் குறுக்கே மறு காலை வைக்கக் கூடாது. ஏனென்றால் அப்படிச் செய்தால் அது நடனம், நடனம் பாவம். பாதத்தைத் தரையோடு இழுத்து இழுத்துத்தான் போக வேண்டும். இதைப் படித்தபோது அம்மாவின் குரல் காதில் விழுந்தது. உலகப் பாட்டுக்கும் ஆண்டவருடைய பாட்டுக்கும் நடுவே கோடு போடுகிற வேலை அங்கேயும் நடந்திருக்கிறது. அந்தக் கோட்டின் மேலேயே அவர்கள் பாதத்தை இழுத்துச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்கள்.

ஜார்ஜியாவின் மெக்கின்டாஷ் கவுன்டியில் இந்த வழிபாட்டை இன்றும் விடாமல் வைத்திருக்கிறார்கள். முக்கியமான நாள் வாட்ச் நைட். டிசம்பர் 31 இரவு நம் சபைகளிலும் அதே பெயரில்தான் ஆராதனை நடக்கிறது. வருஷ வாக்குத்தத்தம், கேக், பட்டாசு. கறுப்பின மக்களுக்கு அந்த இரவில் இன்னொரு நினைவும் உண்டு. 1862 டிசம்பர் 31 இரவு அவர்கள் கூடிக் காத்திருந்தது, விடிந்தால் அமலுக்கு வரவிருந்த லிங்கனின் விடுதலைப் பிரகடனத்துக்காக. நான் எத்தனை வாட்ச் நைட் வாசித்திருக்கிறேன். ஒருவரும் இதை எனக்குச் சொன்னதில்லை.

அடிமையாகப் பிறந்து தப்பியோடி எழுத்தாளரான ஃபிரெடரிக் டக்ளஸ், 1845இல் எழுதிய தன் வரலாற்றில் அடிமைகள் பாடிய பாட்டுகளைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறார். ஒவ்வொரு சுரமும் அடிமைத்தனத்துக்கு எதிரான சாட்சி, விலங்கிலிருந்து விடுவிக்கும்படி கடவுளிடம் வைத்த ஜெபம் என்கிறார். நான் தேடியது இந்த வரியைத்தான். சாட்சியும் ஜெபமும் ஒரே சுரத்தில். நூறு வருஷம் கழித்து அங்கே என்னென்னவோ மாறியது, அந்தச் சுரம் மாறவில்லை.

ராப்பும் ஹிப்ஹாப்பும் பிறந்த பிராங்க்ஸுக்கு வருகிறேன்.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் வழியாக ஒரு விரைவுச் சாலையை வெட்டும் வேலை 1948இல் தொடங்கியது. அதை நடத்தியவர் ராபர்ட் மோசஸ். இஸ்ரவேலரை எகிப்திலிருந்து நடத்திப் போன மோசேயை, ஆங்கிலத்தில் மோசஸை, பாடியது கறுப்பினச் சமூகம். அடிமைகளைத் தப்புவித்த ஹாரியட் டப்மனை 'மோசஸ்' என்றே அழைத்த சமூகம். அவர்களும் போர்ட்டோ ரிக்கோக்காரர்களும் குடியேறிய பகுதியைப் பிளந்தவரின் பெயரும் அதுவாக இருந்ததை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஆலைகள் போயின, வேலை போனது. வாடகையைவிடக் காப்பீட்டுப் பணம் லாபம் என்று கண்ட வீட்டுக்காரர்கள் கட்டடங்களுக்குத் தீ வைக்க ஆள் வைத்தார்கள். நகராட்சியோ தீயணைப்பு நிலையங்களை மூடியது. 1970க்கும் 1980க்கும் நடுவில் பிராங்க்ஸின் ஏழு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வட்டாரங்கள் தங்கள் கட்டடங்களில் 97 சதவீதத்துக்கு மேல் இழந்தன.

இந்தப் புகைக்கு நடுவே, 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்ககத்தின் பொதுக் கூடத்தில் ஒரு விருந்து. சிண்டி கேம்பெல் என்ற பெண், பள்ளி திறப்புக்குப் புதுத் துணி வாங்கக் காசு சேர்க்க வைத்தது. பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டு சுழற்றியவர் அவருடைய அண்ணன் கிளைவ், பதினெட்டு வயது, ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர். ஊர் அறிந்த பெயர் டிஜே கூல் ஹெர்க்.

ஆடுகிறவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை ஹெர்க் கவனித்திருந்தார். பாட்டின் நடுவில் பாடுகிறவர் ஒதுங்கி, மற்ற வாத்தியங்களும் ஒதுங்கி, மேளம் மட்டும் தனியாக நிற்கிற சில விநாடிகள். பிரேக். அதற்குத்தான் உடம்பு காத்திருக்கிறது. ஒரே தட்டில் இரண்டு பிரதி வாங்கினார். ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றதில் அதைத் தொடங்கினார். முடிந்ததும் மறுபடி முதல் தட்டு. மேளம் முடியவே இல்லை.

டிரம்ஸ் வாசிக்கிற எவனுக்கும் இது எப்படிப்பட்ட செயல் என்று புரியும். 1740இல் சட்டம் போட்டுப் பறித்ததை, 1973இல் ஒரு பையன் அறுபடாமல் ஓடவிட்டான். அவனுக்கு அந்தச் சட்டத்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆடியவர்களின் பாதத்துக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பிரேக்குகளில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 1969இல் வாஷிங்டனைச் சேர்ந்த தி வின்ஸ்டன்ஸ் குழு ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. அதன் மறுபக்கத்தில் 'ஆமென், பிரதர்' என்ற பாடலில்லா இசை, 'ஆமென்' என்ற தேவாலயப் பாட்டிலிருந்து பிறந்தது. நடுவில் கிரெகரி கோல்மன் தனியாக நான்கு சுற்று வாசிக்கிறார். சுமார் ஏழு விநாடி. அந்த ஏழு விநாடி பின்னாளில் ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்கு அடியில் போய் உட்கார்ந்தது. காம்ப்டன் நகரிலிருந்து என்.டபிள்யு.ஏ. என்ற ராப் குழு 1988இல் காவல்துறையின் முகத்துக்கு நேரே கத்திய தொகுப்பின் தலைப்புப் பாட்டுக்கு அடியிலும் இதே மேளம்தான். எஃப்பிஐ அதிகாரி ஒருவர் அந்தக் குழுவின் இசை நிறுவனத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதினாரே, அந்தத் தொகுப்பு. மிகக் கோபமான உலகப் பாட்டின் அடித்தளத்தில் ஆமென் என்ற பாட்டின் மேளம்.

அந்த நான்கு சுற்றை வாசித்துப் பார்க்க மாதக் கணக்கில் முயன்றேன். முதல் இரண்டு சுற்று வந்துவிடும். மூன்றாவதன் கடைசியில் ஸ்னேர் அடி விழ வேண்டிய இடத்தில் விழாமல் சற்றுத் தள்ளி விழும். அங்கே என் கை அவசரப்படும். காத்திருக்கத் தெரிந்த கை கோல்மனுடையது. அதற்காக அவருக்கு ஒரு காசும் வரவில்லை. 2006இல் வீடில்லாமல், வறுமையில் இறந்தார்.

தேவாலயம் மட்டும்தான் ஊற்று என்று சொன்னால் பொய்யாகிவிடும். ராப்பர்கள் வட்டமாக நின்று மாறி மாறிப் பாடுவதைச் 'சைஃபர்' என்கிறார்கள். ரிங் ஷவுட்டின் வட்டம் என் கண்ணுக்கு அதில் தெரிகிறது. ஆனால் அந்தச் சொல் அவர்களிடம் வந்தது வேறு வழியாக. நியூயார்க்கின் ஹார்லெமில், கறுப்பின முஸ்லிம் அமைப்பான நேஷன் ஆஃப் இஸ்லாமிலிருந்து விலகிய கிளாரன்ஸ் 13எக்ஸ் என்பவர் 1964இல் தெருப்பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் சொல்ல ஆரம்பித்தார். ஃபைவ் பர்சென்ட் நேஷன் என்று பெயர். மக்களில் 85 சதவீதம் அறியாமையில் இருக்கிறார்கள், 10 சதவீதம் உண்மையை அறிந்தும் மறைக்கிறார்கள், மீதி ஐந்து சதவீதம்தான் அறிந்ததைச் சொல்லிக் கொடுக்கிற நீதியுள்ள ஏழை ஆசிரியர்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பொருள். பூஜ்ஜியம் சைஃபர், முழு வட்டம். கறுப்பின மனிதன்தான் கடவுள். 1969இல் கிளாரன்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் விதைத்த பேச்சு நியூயார்க் ராப்பின் நாக்கிலேயே தங்கிவிட்டது.

விசுவாச வீட்டில் வளர்ந்த எனக்கு மனிதன் கடவுள் என்பது முதலில் நிந்தனையாகத்தான் பட்டது. பிறகு இன்னொன்றைப் படித்தேன். 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சாசனம், பிரதிநிதித்துவக் கணக்குக்கு ஓர் அடிமையை ஐந்தில் மூன்று பங்கு ஆளாக எண்ணியது. அப்படி எண்ணப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் தெருமுனையில் நின்று ஒருவரை ஒருவர் 'காட்' என்று கூப்பிட்டுக்கொண்டால், அதைக் கண்டிக்க என் வாய் எழவில்லை. அதே போதனையில் பெண்ணுக்குக் கிடைத்த பெயர் 'பூமி'. அவள் ஆணைச் சுற்றி வர வேண்டியவள். இதை நான் ஏற்கவில்லை, இப்போதும்.

அந்தப் போதனையில் வந்தவர்களில் நான் திரும்பத் திரும்பக் கேட்பவர் ரகீம். எரிக் பி. என்ற டிஜேயோடு 1987இல் முதல் தொகுப்பைத் தந்தார். அதுவரை ராப்பர்கள் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்கள், ரகீம் கத்தவில்லை. சாக்ஸஃபோன் வாசித்துப் பழகியவர், ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனைக் கேட்டு வளர்ந்தவர். வரி முடிகிற இடத்தில் மூச்சை விடாமல், அடுத்த வரிக்குள் இழுத்துக்கொண்டு போய் எதிர்பாராத இடத்தில் எதுகையை வைப்பார். குரல் தாழ்ந்தே இருக்கும். விடியற்கால ஜெபத்தில் தனக்குள் பேசிக்கொண்டே உட்கார்ந்திருக்கிற பெரியவர்களின் குரல் அப்படி இருக்கும்.

இந்த இசை எதையெல்லாம் பதிந்து வைத்திருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1991 மார்ச் 16. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கடை. லட்டாஷா ஹார்லின்ஸ், வயது பதினைந்து. 1 டாலர் 79 சென்ட் விலையுள்ள ஆரஞ்சுச் சாறு. திருட வந்தாள் என்று நினைத்த கடைக்காரப் பெண் பின்னந்தலையில் சுட்டார். சிறுமியின் கையில் காசு இருந்தது. சுட்டவர் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. நீதிபதி சிறைத் தண்டனை தரவில்லை. நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 500 டாலர் அபராதம். வழக்கு அவ்வளவோடு முடிந்தது. 1993இல் டூபாக் 'கீப் யா ஹெட் அப்' பாட்டை அவளுக்கு அர்ப்பணித்தார். அதற்குப் பிறகும் தன் பாட்டுகளில் அவள் பெயரை விடாமல் சொன்னார். கடல் தாண்டித் தூத்துக்குடிக்காரன் ஒருவனுக்கு இந்தப் பெயர் தெரிகிறதென்றால் அந்தப் பாட்டுகளால்தான்.

டூபாக்கே ஒரு நீதிமன்றத்தைத் தாண்டிப் பிறந்தவர். தாய் அஃபேனி ஷகூர், கறுப்பின உரிமைக்குப் போராடிய பிளாக் பேந்தர் இயக்கத்தில் இருந்தவர். வெடிகுண்டுச் சதி என்று 1969இல் அவர் மேலும் தோழர்கள் மேலும் வழக்குப் போட்டார்கள். கர்ப்பிணியாக, வக்கீல் இல்லாமல், தானே எழுந்து வாதாடினார். 1971 மே மாதம் எல்லாரும் விடுதலை. ஜூன் 16 அன்று பிள்ளை பிறந்தது. ஸ்பானியரை எதிர்த்துப் பெருவில் கிளர்ச்சி நடத்தியவரின் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டினார். பிற்பாடு அந்தத் தாய் விழுந்தார், எழுந்தார். 'டியர் மாமா'வில் வருகிற தாய் இவர்தான். மகன் இருபத்தைந்து வயதில் சுடப்பட்டு இறந்தார்.

எல்லா ராப்பும் சாட்சி என்று சொல்ல நான் வரவில்லை. பெண்ணை வசைச்சொல்லால் மட்டுமே கூப்பிடுகிற பாட்டுகள் ஏராளம். சில நிறுவனங்கள் அதையே கேட்டு வாங்கி விற்றன. "தெருவில் நடப்பதைத்தானே சொல்கிறோம்" என்ற பதில் எனக்குப் போதவில்லை. சாட்சிக்காரனுக்கும் அடிக்கிறவனுக்கும் குரலில் வித்தியாசம் தெரியும். அதைச் சகித்துக்கொள்ளாமல் 1993இல் ராப் பாடகி குயின் லத்தீஃபா 'யூனிட்டி' பாட்டில் நேருக்கு நேர் கேட்டார். 1998இல் லாரின் ஹில் காதலையும் தாய்மையையும் வேத வசனத்தையும் ஒரே மூச்சில் பாடினார். அந்தத் தொகுப்பு அடுத்த ஆண்டு கிராமியின் சிறந்த தொகுப்பானது, ஹிப்ஹாப்புக்கு முதல் தடவையாக. அவர் பிள்ளைக்கு வைத்த பெயர் சியோன். அந்தப் பெயரிலேயே ஒரு பாட்டு. அம்மாவுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "பாட்டு நல்லாத்தான் இருக்கு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

2015 ஜூலை, கிளீவ்லாந்து. அதற்கு முந்திய நவம்பரில் டமிர் ரைஸ் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்தபோது போலீஸ் சுட்டுக் கொன்ற ஊர். கறுப்பின உரிமை அமைப்புகளின் மாநாடு முடிந்து கலைகிறபோது, பதினான்கு வயதுப் பையன் ஒருவனைப் போலீஸ் பிடித்து வைத்தது. கூடி நின்றவர்கள் மேல் மிளகுத் தூள் திரவம் அடித்தார்கள். கடைசியில் பையனை விட்டார்கள். அந்தக் கூட்டம் அப்போது பாடியது ராப்பர் கென்ட்ரிக் லமாரின் 'ஆல்ரைட்'. கடவுளின் பெயர் வருகிற பாட்டு, நமக்கு ஒன்றும் ஆகாது என்று ஆறுதல் சொல்கிற பல்லவி. யாரும் எடுத்துக் கொடுக்கத் தேவைப்படவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது, கீர்த்தனை தெரிந்திருக்கிற மாதிரி.

இதே ராப் பாட்டுகளை அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் வாசித்துக் காட்டி, எழுதியவனைச் சிறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பாட்டில் கொலை இருக்கிறது, ஆகவே இவன் செய்திருப்பான். சாட்சி சொன்னவனுக்கு எதிராகவே அவன் சாட்சி. இதற்குக் கடிவாளம் போட 2022இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

கென்ட்ரிக்கின் இன்னொரு பாட்டு இருக்கிறது. 2012இல் வந்த தொகுப்பில் பன்னிரண்டு நிமிடம் ஓடுகிற 'சிங் அபவுட் மீ'. தொகுப்பே ஒரு பாவ அறிக்கை ஜெபத்தில்தான் தொடங்குகிறது. இந்தப் பாட்டின் முடிவில், வெறி பிடித்து நிற்கிற பையன்களை ஒரு பாட்டி நிறுத்தி அந்த ஜெபத்தைச் சொல்லிக் கொடுக்கிறார். பாட்டியின் குரல் கவிஞர் மாயா ஆஞ்ஜலோவுடையது. ஆனால் நான் திரும்பத் திரும்பப் போகிற இடம் நடுச் சரணம்.

அதில் பேசுவது ஒரு பெண். அவளுடைய அக்காவின் துயரக் கதையைக் கென்ட்ரிக் முன்பு ஒரு பாட்டாக்கியிருந்தார். என் அக்காவைப் பற்றிப் பாட உனக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்கிறாள். என்னைப் பற்றிப் பாடாதே என்கிறாள். நான் மறையமாட்டேன், ஒருபோதும் மறையமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கும்போது, அவள் குரலை மெல்ல மெல்லத் தாழ்த்திக்கொண்டே போகிறார்கள். கீழே மேளம் மட்டும் அப்படியே ஓடுகிறது.

முதல் தடவை கேட்டபோது சென்னையில் பேருந்தில் இருந்தேன். எனக்கு அந்த வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. அசைந்துகொண்டிருந்த உதடு. என் கையில் குச்சி.

இறங்கி ஓரமாக நின்று அந்த இடத்துக்குத் திரும்பப் போய், ஒலியைக் கூட்டினேன். குரல் தாழத் தாழ நானும் கூட்டிக்கொண்டே போனேன், கடைசி அளவு வரைக்கும். மேளம் காதைப் பிளந்தது. அதற்கு அடியில் அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.